ஐந்தாவது ஆளைத் தேடிய தேர்தல் நாள்

காக்கி போட்டு ஒரு வருஷம்கூட ஆகாத தம்பிகளுக்கு இதை எழுதுகிறேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. போன மாதம் ஆயுதப்படை மைதானத்தில் என்னை உங்கள் முன்னால் நிறுத்தி, "அனுபவத்தைச் சொல்லுங்கண்ணே" என்று கேட்டார்கள். வணக்கம் சொன்னதோடு நாக்கு ஒட்டிக்கொண்டது. நீங்களும் பாவம் பார்த்துக் கை தட்டி அனுப்பிவைத்தீர்கள். எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். முழங்கால் கெட்டுப்போனதால், வயது இருக்கும்போதே வேலையை விட்டு வந்தவன். எழுத்தில் பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

லத்தி பிடிப்பது, சல்யூட் அடிப்பது எல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறார்கள். நான் ஒரே ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன். அன்றைக்கு ஸ்ரீரங்கத்தில் ஐந்து பேர் விஷம் கலந்த சாராயத்தைக் குடித்திருந்தார்கள். அவர்களைக் கண்டுபிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் ஒளிந்திருந்ததோ போலீஸ்காரர்களான எங்களுக்குப் பயந்துதான்.

அது மதுவிலக்குக் காலம். காய்ச்சினாலும் குற்றம், விற்றாலும் குற்றம், குடித்தாலும் குற்றம். எங்கள் வேலையில் பாதி மூக்கு வேலை. சந்தேகப்பட்டவனை நிறுத்தி, "ஊதுடா" என்போம். ஊதினால் வாடை வரும். வாடை வந்தால் கேஸ். அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கொய்யா இலையை மென்றுகொண்டு வருவார்கள். எதிரில் ஒருவன் கொய்யா இலை மென்றுகொண்டு வந்தாலே அவனை நிறுத்திவிடுவோம். சும்மா வாய் நாற்றத்துக்காக மென்றவனும் சில நாள் மாட்டியிருக்கிறான்.

அறுபதுகளின் ஆரம்பத்தில் ஒரு பொதுத்தேர்தல் வந்தது. நாடு முழுக்க ஓட்டு. மற்ற ஊர்களில் என்னென்னவோ பேசினார்கள். எங்கள் பக்கத்தில் ஒரே பேச்சு, மதுவிலக்கு இருக்க வேண்டுமா, போக வேண்டுமா என்பதுதான். குடை சின்னத்தில் நின்றவர், "கடையைத் திறக்கச் சொல்லி சட்டசபையில் கேட்பேன்" என்று பகிரங்கமாகவே பேசினார். சைக்கிள் சின்னத்துக்காரர், "ஒரு கடை திறந்தாலும் நூறு தாலி அறும்" என்றார். வேறு ஆட்களும் நின்றார்கள். ஆனால் டீக்கடையில் பந்தயம் கட்டியவர்கள் இந்த இரண்டு பேர் மீதுதான் கட்டினார்கள். புருஷன் குடைக்கும் பெண்சாதி சைக்கிளுக்கும் என்று பல வீடுகளில் பேச்சுவார்த்தையே நின்றுபோயிருந்தது.

எனக்கும் எங்கள் ஏட்டையாவுக்கும் கொள்ளிடக் கரைப் பக்கம் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் பந்தோபஸ்து. ஏட்டையா என்றால் ஹெட் கான்ஸ்டபிள். அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, இங்கேயும் எழுதவில்லை. அவர் ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. ஸ்டேஷனில் கைப்பற்றிய பொருள்களைப் பூட்டி வைக்கும் அறையின் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். குளிக்கும்போதும் கழற்ற மாட்டார் என்று கேலி செய்வோம்.

பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, இரண்டு பக்கமும் பந்தல் போட்டு, மேஜை போட்டு, ஓட்டர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குடை மேஜையில் பிச்சை; லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர். சைக்கிள் மேஜையில் கோயிலைச் சுற்றியுள்ள உத்தர வீதியில் குடியிருந்த ஓர் அய்யங்கார் பெரியவர். எல்லோரும் அவரை ஸ்வாமி என்பார்கள். இருவரும் காலையிலிருந்தே ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன ஸ்வாமி, சீட்டு வாங்க ஆளையே காணோம்? தீர்த்தம் குடுத்தாவது கூப்பிடுங்க!"

"நீர் என்ன தீர்த்தம் குடுத்து அழைச்சிண்டு வரீர்னு ஊருக்கே தெரியும் ஓய்."

மாசி மாதம். ஆற்றங்கரை ஆனதால் விடியும்போது பனி கனமாக இருந்தது. ஓட்டுப்பதிவு ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அது விலகி, வெயில் சுளீரென்று அடித்தது.

ஆண்கள் வரிசையில் மருதை என்று ஒருவன் வந்தான். வாழைத்தார் சுமப்பவன். அவன் பெண்சாதி செல்லாயி பெண்கள் வரிசையில் நின்றாள். மருதை உள்ளே போனான். ஓட்டுச்சீட்டை வாங்கிக்கொண்டு தட்டி மறைப்புக்குள் நுழைந்தவன் வெகுநேரம் வரவில்லை. பிறகு சீட்டைக் கையில் விரித்துப் பிடித்தபடியே வெளியில் வந்தான்.

"சாமி, எனக்கு மட்டும் வெள்ளத்தாளக் குடுத்துட்டீங்க. இதுல படமே இல்லையே."

தேர்தல் அதிகாரி ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். சீட்டை வாங்கிப் பார்த்தார். எல்லாச் சின்னமும் பளிச்சென்று இருந்தன. உள்ளே இருந்த ஏஜெண்டுகள் சிரித்தார்கள்.

"காலங்காத்தாலயே ஏத்திக்கிட்டு வந்துட்டான். ஏட்டையா, இவன வெளியில கொண்டுபோங்க" என்றார் அதிகாரி.

ஏட்டையா அவனைத் தோளில் பிடித்து வெளியே கொண்டுவந்து, "ஊதுடா" என்றார். ஊதினான். வாடை வந்தது.

"ஓட்டுப் போட வரப்பகூடவாடா? வேப்பமரத்தடியில உக்காரு. ஓட்டு முடிஞ்சதும் ஸ்டேஷன்தான்."

செல்லாயி வரிசையிலிருந்து ஓடிவந்தாள். "நேத்து சாயங்காலம் குடிச்சதுங்கய்யா. இன்னிக்குப் பச்சத்தண்ணிகூடக் குடிக்கல. வயித்த வலிக்குதுன்னு ரெண்டு தரம் வாந்தி எடுத்துச்சு. ஓட்டப் போட்டுட்டு வந்து படுத்துக்கன்னு நாந்தான் கூட்டியாந்தேன்."

"நேத்துக் குடிச்சது இன்னிக்கு ஏறுமா? யாரு காதுல பூ சுத்துற?"

மருதை மரத்தடியில் உட்கார்ந்தான். வெயில் நேராக அவன் முகத்தில் விழுந்தது. அவன் கண்ணைச் சுருக்கவில்லை. என் பக்கம் திரும்பி, என்னையும் தாண்டி எங்கேயோ பார்த்துக் கேட்டான்:

"ஏங்கய்யா, இன்னுமா பனி வெலகல?"

தம்பிகளே, அந்த நேரத்தில் எனக்கு வைத்தியம் எதுவும் தெரியாது. ஆனால் குடித்தவனை எனக்குத் தெரியும். ஆயிரம் பேரை ஊதச் சொன்னவன் நான். குடித்தவன் ஒன்றை இரண்டாகப் பார்ப்பான். வெயிலைப் பனி என்று சொல்ல மாட்டான். ஏட்டையாவின் காதருகே போய்ச் சொன்னேன். அவர் மருதையின் முகத்துக்கு நேராக லத்தியை ஓங்கினார். செல்லாயி அலறினாள். மருதை அசையவே இல்லை.

ஏட்டையாவின் கை அப்படியே இறங்கியது. "இவன ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்யா" என்றார்.

வண்டி என்று அங்கே இருந்தது குடைக் கட்சியின் கார் ஒன்றுதான். பிச்சை உடனே கதவைத் திறந்துவிட்டார். ஆனால் ஸ்வாமி குறுக்கே வந்து நின்றார்.

"கட்சி காரிலே ஓட்டரை ஏத்தப்படாது. சட்டம் தெரியுமோல்லியோ? ஆஸ்பத்திரின்னு சொல்லி ஊர் பூரா ஏத்திண்டு சுத்துவா!"

"யோவ் சாமி, ஆளு சாகக் கெடக்கான்!"

"அப்ப நானும் கூட வரேன். ஆஸ்பத்திரிதானான்னு நானே பாத்துடறேன்."

பஞ்சகச்சத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குடைக் கொடி கட்டிய காரில் அவர் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்து வரிசையில் நின்றவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். செல்லாயி புருஷனைத் தாங்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். கார் காவிரிப் பாலம் தாண்டித் திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிற்று.

திரும்பி வந்தபோது காரில் சிரிப்பு இல்லை. ஸ்வாமி இறங்கி நேரே எங்களிடம் வந்தார்.

"இது வெறும் சாராயம் இல்லையாம். மரச்சாமானுக்குப் பாலிஷ் போடற ஸ்பிரிட்டைக் கலந்திருக்கானாம் பாவி. முதல்லே கண்ணு போகும், அப்புறம் உசிரு போகும்கறார் டாக்டர். சாயங்காலத்துக்குள்ளே கொண்டுவந்தா பொழைக்க வெக்கலாமாம். இவனோட சேந்து மொத்தம் அஞ்சு பேர் குடிச்சிருக்கா."

"யாரு யாருன்னு சொன்னானா?" என்றார் ஏட்டையா.

"போலீஸ் வந்திருக்கான்னு நெனச்சிண்டு வாயே திறக்கலை. அவ அழுது கேட்டப்புறம், நாலு பேரும் இருட்டுலே வாழைத்தோப்புக்குள்ளே வந்தா, முகம் தெரியலைங்கறான். சத்தியமோ பொய்யோ, பெருமாளுக்குத்தான் வெளிச்சம்." கொஞ்சம் தயங்கினார். "இன்னொண்ணும் சொன்னார். அதை நான் எப்படிச் சொல்றது... பிராந்தி வேணுமாம்."

"யாருக்கு?" என்றார் பிச்சை.

"வைத்தியத்துக்கு ஓய்! கெட்ட சாராயத்தோட விஷத்தை நல்ல சாராயம்தான் தடுத்து நிறுத்துமாம். ஆஸ்பத்திரி ஸ்டோர் பூட்டியிருக்கு. சாவி வெச்சிருக்கறவர் தேர்தல் வேலைன்னு துறையூர்ப் பக்கம் போயிட்டாராம். வெளியிலே இருந்த துளியை மருதைக்குக் குடுத்தாச்சு. மீதிப் பேருக்கு இல்லை. ரங்கா, என் வாயாலே பிராந்தி கேக்க வெச்சுட்டியே!"

பிராந்தியைப் பிறகு பார்ப்போம், முதலில் ஆட்கள் வேண்டும். ஏட்டையாவும் பிச்சையும் ஆண்கள் வரிசையில் கேட்டார்கள். "நேத்து தோப்புல குடிச்சது யாருப்பா?" இப்படிக் கேட்டால் எவன் சொல்வான்? இரண்டு பேர் ஓட்டுப் போடாமலே நழுவினார்கள். அவர்கள் குடித்தவர்களா, வேறு எதற்காவது பயந்தவர்களா, தெரியாது. நாங்கள் தெருவுக்குள் நுழைந்து தேடினால் இருக்கிறவனும் கொள்ளிடத்து நாணலுக்குள் போய்விடுவான். போனவன் அங்கேயே சாவான்.

வீட்டில் வாந்தி எடுத்தது யார் என்று வீட்டுப் பெண்களுக்குத்தான் தெரியும். அந்தப் பெண்கள் எல்லோரும் எதிரில், ஒரே வரிசையில் நின்றார்கள்.

"நீ போய்ச் சொல்லுய்யா" என்றார் ஏட்டையா. "என்னப் பாத்தா பயப்படுவாளுக. இப்பத்தான் லத்திய ஓங்கியிருக்கேன்."

நான் எப்படிப்பட்டவன் என்று மைதானத்தில் பார்த்தீர்கள். பெண்கள் பக்கம் ஒழுங்கு பார்க்கச் சொன்னால் யாரிடமாவது கெஞ்சி ஆண்கள் பக்கம் மாற்றிக்கொள்வேன். அன்றைக்கு மாற்றிக்கொள்ள ஆள் இல்லை. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஏன் கழற்றினேன் என்று இப்போதும் தெரியாது. வரிசையின் நடுவில் போய் நின்றேன். முகங்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினேன்.

"தாய்மாருங்களா, நேத்துத் தோப்புல குடிச்ச சாராயத்துல விஷம் இருக்கு. மருதைக்குக் கண்ணு தெரியல. இன்னும் நாலு பேரு இருக்காங்க. வாந்தி எடுத்தவங்க, வயித்து வலின்னு படுத்திருக்கறவங்க உங்க வீட்ல இருந்தா சொல்லுங்க. கார்ல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம். ஸ்டேஷனுக்கு இல்ல. கேஸ் கிடையாது. ஒருத்தர் மேலயும் கேஸ் கிடையாது."

கேஸ் போடாமல் விட எனக்கு அதிகாரம் இல்லை. ஏட்டையாவுக்கும் இல்லை. சொல்லும்போதே அது எனக்குத் தெரியும். பின்னால் நின்ற ஏட்டையா என் வார்த்தையை மறுப்பார் என்று காத்திருந்தேன். அவர் மறுக்கவில்லை.

ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒருத்தி கேட்டாள். "ஓட்டுக்காக நடிக்கிறீங்களா, நெசமாவா?"

"நெசம்மா."

"நெசம்னா அந்த ஐயரு சொல்லட்டும்."

ஸ்வாமி முன்னால் வந்தார். "அவன் கண்ணை நானே பாத்தேன் குழந்தே. தீபத்தைக் காட்டினா எங்கே எங்கேங்கறான். சீக்கிரம் சொல்லு."

அவள் சட்டென்று அழ ஆரம்பித்தாள். அவள் அண்ணன், வீட்டுப் பரணில் படுத்திருந்தான். அவள் சொன்னதும் இன்னொருத்தி சொன்னாள். பிறகு ஒரு கிழவி, தன் மகனைக் குதிரில் ஒளித்து வைத்திருப்பதாகச் சொன்னாள். நெல் கொட்டும் குதிருக்குள் சுருண்டு கிடந்தவனை நாங்கள் கையைப் பிடித்துத் தூக்கி வெளியில் எடுத்தோம். தூக்கிய என்னிடம், "கேஸ் இல்லேல்ல சார்?" என்றுதான் முதலில் கேட்டான்.

மூன்று பேர் வந்தார்கள். மருதையோடு நான்கு. ஐந்தாவது ஆள் வரவில்லை.

மூன்று பேரையும் காரில் திணித்தோம். பிராந்தி? அப்போதுதான் ஏட்டையா தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எனக்கும் அந்த நினைவுதான். பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பெரிய வியாபாரி காரில் கடத்திவந்த பிராந்திப் பாட்டில்கள் எங்கள் ஸ்டேஷனில் அரக்கு முத்திரையோடு இருந்தன. சென்னைக்கு அனுப்பிப் பரிசோதித்து, அசல் சரக்கு என்று பதில் வந்திருந்தது. விஷம் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த சாராயம் ஸ்ரீரங்கம் தீவில் அது ஒன்றுதான். ஆனால் அது கோர்ட்டுக்குச் சேர வேண்டிய சொத்து. உத்தரவு இல்லாமல் அந்த முத்திரையில் கை வைத்தால் வேலை போகும். குற்றவாளியோடு கூட்டு என்று சொல்லி உள்ளேயும் வைப்பார்கள். மாஜிஸ்திரேட் எங்கேயோ தேர்தல் பணியில் இருந்தார். எங்கள் சப்-இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ரோந்து போயிருந்தார். எந்தப் பக்கம் என்று தெரியாது. தேடிப் பிடிக்கும்வரை காருக்குள் இருந்தவர்களுக்குக் கண் இருக்குமா?

ஏட்டையா சாவியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "நான் பூத்த விட்டு வர முடியாது. நீ போ. ஆனா திருட்டுத்தனமா எடுக்காதய்யா. சாட்சி வச்சு எடு. எடுத்தத எல்லாம் மகஜர்ல எழுது. சாவி என்கிட்ட இருந்துச்சு, நான் சொல்லித்தான் ஒடச்சேன்னு எழுது."

"நானே ஒடச்சதா எழுதுறேன் ஏட்டையா. உங்களுக்குப் பென்ஷன்..."

"உனக்குப் புள்ளைக சின்னதுய்யா. போ, பேசிக்கிட்டு நிக்காத."

சாட்சிக்கு எங்கே போவது? ஒரு கட்சிக்காரனை மட்டும் வைத்தால் மற்றவன் கதை கட்டுவான். இருவரையும் கூப்பிட்டேன். கடையைத் திற என்றவரும் திறக்காதே என்றவரும், ஸ்டேஷன் அறையில் பிராந்திப் பெட்டிக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். நான் உள்ளதை உள்ளபடி கோணல்மாணலான என் கையெழுத்தில் எழுதினேன். இரண்டு பாட்டில் மட்டும் முத்திரை உடைக்கிறோம், மற்றவை அப்படியே இருக்கின்றன, ஆஸ்பத்திரிக்காக எடுக்கிறோம். ஸ்வாமி பாட்டில் மேலே படாமல் தள்ளி நின்றே கையெழுத்துப் போட்டார்.

"என் ஆயுசுலே தொட்டதில்லை. சாட்சியா மட்டும்தான் இருக்கேன், கேட்டீரா ஓய்?"

"எல்லாரும் மொதல்ல சாட்சியாத்தான் ஆரம்பிப்பாங்க ஸ்வாமி" என்றார் பிச்சை. அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பாட்டிலை வாங்கி, முத்திரையைப் பார்த்து, என் முகத்தைப் பார்த்தார். பிறகு அளந்து கொடுக்க ஆரம்பித்தார். மூன்று பேரும் குடிக்க மறுத்தார்கள். போலீஸ்காரன் பக்கத்தில் நின்றுகொண்டு பிராந்தி குடி என்றால் எவன் குடிப்பான்? அவனைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு என்று நினைத்தார்கள். செல்லாயிதான் ஒவ்வொருவன் தலையையும் பிடித்து வாயில் ஊற்றினாள். "குடிடா, இன்னிக்குச் சர்க்காரே ஊத்துது!"

அந்த நேரத்தில்தான் சப்-இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். ஸ்டேஷனில் பாரா நின்ற கான்ஸ்டபிள் சொல்லியிருக்கிறான். முகம் கறுத்திருந்தது.

"யாரக் கேட்டு முத்திரைய ஒடச்ச? யாரக் கேட்டு கேஸ் கிடையாதுன்ன?"

நான் மகஜரை நீட்டினேன். அவர் படித்து மடித்துப் பையில் வைத்தார். "இதப் பெறகு பாத்துக்கறேன். முதல்ல இவனுங்க நாலு பேர் மேலயும் கேஸ் எழுது. குடிச்சிருக்கானுங்க. ஊதச் சொல்லு."

செல்லாயி என்னைப் பார்த்தாள்.

டாக்டர் ஊசியைக் கீழே வைக்காமலே சொன்னார். "தாராளமா ஊதச் சொல்லுங்க இன்ஸ்பெக்டர். நாலு பேர் வாயிலும் இப்ப நான் கொடுத்த பிராந்திதான் மணக்கும். மருந்தா நான் கொடுத்தேன்னு கோர்ட்டுல வந்து சொல்றேன். நேத்துக் குடிச்சதோட வாடைய இதுல பிரிச்சுக் காட்ட உங்க ஆளால முடிஞ்சா எழுதிக்கட்டும்."

சப்-இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "ஊதச் சொல்லிப் பாரு."

நான் குனிந்து மருதையின் வாயருகே மூக்கை வைத்தேன். அத்தனை வருஷத்தில் எத்தனையோ வாய்களை முகர்ந்திருக்கிறேன். "பிராந்தி வாடைதான் வருதுய்யா" என்றேன். அது உண்மை.

அவரும் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலேயும் கேட்பவர்கள் இருந்தார்கள். தொப்பியைப் போட்டுக்கொண்டு, "அஞ்சாவது ஆளு எங்க?" என்று மட்டும் கேட்டார். "தெரியலைங்கய்யா." "இங்க நின்னு என்ன பண்ற? போய்த் தேடு."

ஜீப்பிலேயே என்னைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார். அதற்குள் ஏட்டையா தலையாரியை வைத்துத் தெருத்தெருவாகத் தமுக்கு அடிக்கச் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி, கேஸ் இல்லை, ஆஸ்பத்திரி, கேஸ் இல்லை என்று குரல் போய்க்கொண்டே இருந்தது. நான் வாழைத்தோப்பு முழுக்க நடந்தேன். கரையோரம் நாணலுக்குள் கூப்பிட்டுப் பார்த்தேன். வெயில் தாழ்ந்துகொண்டே வந்தது. சாயங்காலத்துக்குள் என்று டாக்டர் சொன்னது ஒவ்வோர் அடிக்கும் காதில் கேட்டது. ஓட்டுப்பதிவு முடிந்து பெட்டிக்கு அரக்கு வைத்துக்கொண்டிருந்தபோது, தெருவுக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் வந்தது. ஓடினோம். ஓடிப் பயன் இல்லை; ஐந்தாவது ஆள் செத்துப்போயிருந்தான்.

அவன் தன் வீட்டிலேயே, பாய்க்குள் சுருண்டு கிடந்தான். அவன் பெயர் இங்கே வேண்டாம்.

மற்ற நான்கு பேரும் பிழைத்தார்கள். அவர்கள் மேல் கேஸ் எதுவும் எழுதவில்லை. மூன்று பேருக்குப் பார்வை முழுசாகத் திரும்பியது. மருதைக்கு அரைகுறையாகத் திரும்பியது; வழி தெரிந்து நடப்பான், ஆள் முகம் தெரியாது. பாண்டிச்சேரி வழக்கில் மீதிப் பாட்டில்கள் முத்திரையோடு இருந்ததாலும், எதிரும் புதிருமான இரண்டு பேர் ஒரே சாட்சி சொன்னதாலும் வழக்கு கெட்டுப்போகவில்லை. ஏட்டையாவுக்கு மெமோ வந்து, விசாரணை முடியும்வரை ஓய்வூதியம் தள்ளிப்போயிற்று. அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை. சாராயத்தைக் கொடுத்தது யார் என்று கடைசிவரை நிரூபணமாகவில்லை. இரண்டு கட்சிக்காரர்களும் அடுத்தவரைச் சொன்னார்கள். தேர்தலில் சைக்கிள் ஜெயித்தது. மதுவிலக்கு இன்னும் பல வருஷம் இருந்தது. அது இருந்தது நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள். அதற்கு ஓட்டு இருக்கிறது.

செத்தவனின் பெண்சாதியிடம் வாக்குமூலம் வாங்க என்னைத்தான் அனுப்பினார்கள். காரியம் முடிந்த மறுநாள் போனேன். வாசலில் நின்றே கேட்டேன். அந்த அம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கோபமாகப் பேசவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

"நீங்க கேட்டப்ப நான் அந்த வரிசையிலதான் நின்னேன். நீங்க சொன்னதெல்லாம் காதுல விழுந்துச்சு."

"ஏம்மா சொல்லல?"

"போன ஆடியில உங்க ஆளுங்க இந்தத் தெருவுக்கு வந்தாங்க. என் கொழுந்தன் உள்ள ஒளிஞ்சிருந்தான். ‘வெளிய வா, கேஸ் கிடையாது, சும்மா எச்சரிச்சு விடறோம்’னாங்க. நாந்தான் நம்பிக் கதவத் தொறந்துவிட்டேன். வாசல்லயே வெலங்கு மாட்டிக் கூட்டிப்போனாங்க. மூணு மாசம் உள்ள இருந்தான். நீங்களும் அதையேதான் சொன்னீங்க. இவர் வீட்ல சுருண்டு கெடந்தாரு. பேசாம ஓட்டப் போட்டுட்டு வந்துட்டேன்."

நான் அந்த ஆடி மாதம் வேறு இடத்தில் வேலையில் இருந்தேன். அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது? அவருக்கு நாங்கள் எல்லோரும் ஒரே சட்டைதான். அவர் சொன்னதை அப்படியே எழுதி, வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

கேஸ் கிடையாது என்று பொய் சொல்லி ஆளை வெளியே வரவழைப்பது நம்மிடம் ரொம்ப நாளாக இருக்கிற பழக்கம். சுலபமாக ஆள் கிடைப்பான், ஓட வேண்டியதில்லை, மேலதிகாரி முதுகில் தட்டுவார். உங்களுக்கும் யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். அப்போது நான் எழுதியதை நினைத்துக்கொள்ளுங்கள். கேஸ் போட வேண்டியிருந்தால், போடப்போகிறேன் என்று சொல்லி, கதவை உடைத்தாவது போடுங்கள். கேஸ் கிடையாது என்று சொன்னால், உங்கள் வேலையே போனாலும் அது கிடையாதுதான் என்று இருக்கட்டும்.